வெங்காய மூட்டையோடு போய் நில்லுங்கள்

கேள்வி: அண்ணா, சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் வெங்காயம், உருளைக்கிழங்கு எடுத்து பிடோக், தெம்பனிஸ் பக்கத்து மளிகைக் கடைகளுக்குப் போடுகிறோம். 14 அடி லாரி, ஜப்பான் வண்டி, 3 லிட்டர் டீசல். 2011-ல் பதிவானது. 2021-ல் வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றான சிஓஇ-யை 10 வருடத்துக்குப் புதுப்பித்தோம். கணவர் ஓட்டுகிறார், கணக்கு வழக்கு என் கையில்.

ஏழு மாதமாக ஒரே தொல்லை. விடிகாலை லோடு ஏற்றிப் போகும்போது, மேடு ஏறினால் திடீரென்று இழுவை போய்விடுகிறது. என்ஜின் விளக்கு எரிகிறது, எவ்வளவு மிதித்தாலும் 30-க்கு மேல் போவதில்லை. ஓரம்கட்டி அணைத்து, மூன்று நான்கு நிமிடம் விட்டுப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. போன மாதம் எம்சிஇ விரைவுச்சாலைச் சுரங்கத்தில் ஏற்றத்தில் இப்படி ஆகி, பயந்தே போய்விட்டார்.

மாமனார் காலத்திலிருந்து பழகிய பட்டறை. முதலில் டீசல் ஃபில்டரும் சர்வீசும் (280 வெள்ளி), அப்புறம் புகையை என்ஜினுக்கே திருப்பி விடும் இஜிஆர் வால்வைக் கழுவினார்கள் (650), அப்புறம் பம்பில் டீசல் வரத்தைக் கட்டுப்படுத்தும் சக்‌ஷன் வால்வு (780), அதற்கும் பிறகு என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் இரண்டு (2,300). ஒவ்வொரு தடவையும் "ஓட்டிப் பார்த்தாச்சு, ஓகே" என்றார்கள். இப்போது பம்பையே மாற்ற வேண்டும், 3,500 ஆகும் என்கிறார் முதலாளி. "பழைய வண்டி இப்படித்தான்லா" என்கிறார். ஆறு மாதப் பரிசோதனையில் வண்டி பாஸ்! ஏமாற்றுகிறாரா? வேறு இடம் போகலாமா, ஜொகூருக்குக் கொண்டுபோகலாமா? கொடுத்த காசைக் கேட்க வழி இருக்கிறதா? வண்டியைத் தலைமுழுகிவிடுவதே மேலா?

பதில்: தங்கச்சி, முதலில் நான் ஒன்று கேட்கிறேன். இந்த நான்கு தடவையும் வண்டியைப் பட்டறையில் விட்டபோது பின்னால் மூட்டை இருந்ததா? இருந்திருக்காது. கடைகளுக்கெல்லாம் போட்டு முடித்து, பத்து பதினோரு மணிக்குக் காலி வண்டியைக் கொண்டுபோய் விட்டிருப்பார் உங்கள் கணவர். பட்டறைப் பையனும் அதைப் பட்டறை இருக்கும் தெருவிலேயே ஒரு சுற்று ஓட்டிவிட்டு "ஓகே" என்றிருப்பான். பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. காலி வண்டி சமதரையில் ஓகேதான். உங்கள் வண்டியின் நோய் ஒன்றரை டன் வெங்காயத்தோடு மேடு ஏறும்போது மட்டும்தான் தலை காட்டுகிறது. அந்த நேரத்தில் பட்டறைக்காரர் யாரும் வண்டியில் இருந்ததில்லை.

பரிசோதனையில் பாஸ் ஆவதற்கும் இதுதான் காரணம். 10 வயது தாண்டிய சரக்கு வண்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும், சரி. அங்கே பார்ப்பது பிரேக், விளக்கு, ஸ்டியரிங், டயர், புகை. வாரத்தில் இரண்டு நாள் விடிகாலையில் மட்டும் வரும் கோளாறைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை இல்லை.

இனி உங்கள் ரசீதுகளைப் பார்ப்போம். 280, 650, 780, 2,300, இப்போது 3,500. விலை படிப்படியாக ஏறுகிறது பாருங்கள். ஊகத்தில் வேலை செய்யும் ஃபோர்மன் எப்போதும் இப்படித்தான் ஏறுவார். மலிவானதை மாற்றிப் பார், போகவில்லையா, அடுத்ததை மாற்று. மாற்றிய பொருள் எதுவும் கோளாறுக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்ல முடியாது, நான்குமே இழுவையைக் கெடுக்கக்கூடியவைதான். அதனால் ஏமாற்று என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். ஆனால் அவருடைய ஊகத்துக்கு ஏழு மாதமாகக் காசு கட்டியது நீங்கள். இதுவரை நீங்கள் எழுதியதில் யாரும் எதையும் அளந்து பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை.

அளப்பது என்றால் என்ன என்று சொல்கிறேன், முதலாளியிடம் பேச இது உங்களுக்கு வேண்டும்.

உங்கள் வண்டி காமன் ரயில் டீசல். டேங்கிலிருந்து டீசலை இழுத்து, அழுத்தி, ஒரு கனத்த குழாயில் நிறுத்துவது பம்பின் வேலை. அந்தக் குழாயிலிருந்து நான்கு இன்ஜெக்டருக்கும் போகிறது. வண்டி சும்மா நிற்கும்போது குழாயில் சில நூறு பார் அழுத்தம் போதும். லோடோடு மேடு ஏறும்போது 1,500 பார், அதற்கு மேலும் கேட்கும். கார் டயரில் இருப்பது சுமார் இரண்டரை பார்தான் என்று வைத்துக்கொண்டால் இதன் அளவு புரியும். கம்ப்யூட்டர் "இவ்வளவு வேண்டும்" என்று கேட்கிறது, சென்சார் "இவ்வளவுதான் இருக்கிறது" என்கிறது. இரண்டுக்கும் இடைவெளி பெரிதானால் என்ஜினைக் காப்பாற்ற இழுவையைக் குறைத்து விளக்கைப் போட்டுவிடும். ஸ்கேனரில் பெரும்பாலும் பி 0087 என்று வந்திருக்கும். அதற்கு அர்த்தம் குழாயில் அழுத்தம் குறைவு என்பது மட்டும்தான். பம்ப் போய்விட்டது என்று அந்த எண் சொல்வதில்லை. வீட்டுக் குழாயில் தண்ணீர் சன்னமாக வந்தால் குழாய் கெட்டிருக்கலாம், நடுவில் அடைப்பு இருக்கலாம், மாடித் தொட்டியே காலியாக இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கிடைத்த நல்ல துப்பு, "அணைத்து மூன்று நான்கு நிமிடம் விட்டுப் போட்டால் ஓடுகிறது" என்பது. அணைத்துப் போடும்போது கம்ப்யூட்டரும் புதிதாகத் தொடங்கும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் 14 வருட டேங்க் என்றதும் என் புத்தி முதலில் அங்கேதான் போகிறது. டேங்கின் அடியில் துரு, பாசி, எப்போதோ விழுந்த குப்பை. லோடோடு மிதிக்கும்போது பம்ப் பலமாக இழுக்கும், குப்பை போய் உறிஞ்சும் குழாயின் வாயை அடைக்கும். அணைத்ததும் இழுப்பு நிற்கிறது, குப்பை கீழே விழுந்துவிடுகிறது. மூன்று நிமிடத்தில் வண்டிக்கு உடம்பு சரியாகிவிட்டது போல இருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருடம் முன்பு, ஒரு பட்டறையில் நான் ஃபோர்மனாக இருந்தபோது இதே மாதிரி ஒரு லாரி வந்தது. எண்ணைப் பார்த்தேன், பம்ப் என்றேன், மாற்றினேன். மறுநாள் காலை அதே லாரி இழுவை வண்டியில் திரும்பி வந்தது. டேங்கை இறக்கிக் கவிழ்த்தால், எண்ணெய் டப்பா மூடியில் ஒட்டியிருக்குமே அலுமினியத் தாள், அதில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு. அதை இன்றைக்கும் கருவிப்பெட்டியில் வைத்திருக்கிறேன். அந்த வாடிக்கையாளர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

பம்புக்குப் போகும் முன் டேங்கிலிருந்து பம்ப் வரையிலான பாதையைப் பார்த்தாக வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் ரப்பர்க் குழாயைக் கழற்றிவிட்டு, டீசல் தாங்கும் கண்ணாடிபோன்ற குழாய் ஒன்றை மாட்டி, டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். டீசல் தேன்போலத் தெளிவாக ஓட வேண்டும். உள்ளே சோடா பாட்டில் மாதிரி குமிழி ஓடினால், எங்கோ விரிசல் வழியாகக் காற்று இழுக்கிறது என்று பொருள். குமிழி இல்லாமல் இழுப்பு மட்டும் கடினமாக இருக்கிறதா என்பதை வேக்குவம் கேஜ் சொல்லிவிடும். அதிலும் சந்தேகம் தீரவில்லையென்றால், டேங்கை ஒதுக்கிவிட்டுத் தனி கேனிலிருந்து டீசல் கொடுத்துப் பார்ப்பார்கள். அதைப் பட்டறைக்குள் பட்டறைக்காரர்தான் செய்ய வேண்டும், உங்கள் கணவர் கேனைக் கட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கக் கூடாது.

இன்ஜெக்டர் விஷயத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். மாற்றுவதற்கு முன் ரிட்டர்ன் டெஸ்ட் எடுத்தாரா? நான்கு இன்ஜெக்டரின் திரும்பும் குழாயிலும் நான்கு சிறு பாட்டில் மாட்டி, எதில் அதிகம் நிரம்புகிறது என்று பார்ப்பது. அதிகம் நிரம்பும் இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. இதைப் பார்க்காமல் "இந்த இரண்டுதான்" என்று எப்படி முடிவு செய்தார்? அடுத்தது, புதிய இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் எண்ணை ஸ்கேனர் வழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினாரா? ஏற்றாவிட்டால் 2,300 வெள்ளிப் பொருளும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். கேள்வி கேட்ட வேகத்திலேயே பதில் வந்தால் அவர் விஷயம் தெரிந்தவர். "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று மழுப்பினால் அதிலிருந்தும் உங்களுக்கு ஒன்று புரியும்.

இன்று முதல் உங்கள் கணவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைக்கச் சொல்லுங்கள். இழுவை போகும்போதெல்லாம் தேதி, மணி, இடம், எவ்வளவு லோடு, டேங்கில் டீசல் எவ்வளவு, அணைத்து எத்தனை நிமிடத்தில் சரியானது, இவ்வளவும் எழுதட்டும் (வண்டியை நிறுத்திய பிறகுதான்!). டீசல் கால் டேங்குக்குக் கீழே இறங்கும் நாட்களில்தான் வருகிறது என்று தெரிந்தால், நான் மேலே சொன்ன டேங்க் கதைக்குப் பலம் கூடும். புகையையும் பார்க்கச் சொல்லுங்கள். இழுவை போகும்போது பின்னால் கரும்புகை தள்ளினால், டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாய் கிழிந்திருக்கலாம். லோடு ஏறும்போது மட்டும் வாய் பிளக்கும் கிழிசல், கையால் தடவினால்தான் தெரியும்.

சரியாகும் வரை எம்சிஇ வேண்டாம். கடலுக்கடியில் இறங்கி மறுபடி ஏறும் பாதை அது, உங்கள் வண்டியின் நோய்க்கென்றே கட்டியதுபோல. விடிகாலை நான்கு மணிக்கு கெப்பல் ரோடு, நிக்கல் ஹைவே, மவுண்ட்பேட்டன் ரோடு வழியாகப் போனால் சில நிமிடம்தான் கூடும். மீறி விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் அபாய விளக்கைப் போட்டுவிட்டு உதவிக்கு அழைக்கட்டும், இறங்கி பானெட்டைத் திறக்க வேண்டாம். விரைவுச்சாலைகளைக் கண்காணிக்கும் எமாஸ் சேவையின் மீட்பு வண்டி வந்து பக்கத்திலுள்ள ஒதுக்கப்பட்ட கார்நிறுத்தம் வரை இலவசமாக இழுத்து விடும். அதற்குப் பிறகுதான் தனியார் இழுவை வண்டிக்குச் செலவு.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது? மாமனார் காலத்துப் பழக்கம் என்கிறீர்கள். அந்தப் பழக்கத்தை வைத்தே ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம், நான் கொடுப்பேன். ஆனால் இந்த முறை பேச்சு வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கட்டும். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், பிறகு தேடி எடுக்க முடியாது. உங்கள் இருவருக்கும் பொதுவான மொழியில் இப்படி அனுப்புங்கள்:

"பாஸ், இதுவரை 4,010 வெள்ளி செலவாகி அதே கோளாறு வருகிறது. பம்ப் மாற்ற இப்போது சம்மதமில்லை. முதலில் கோளாறைக் கண்டுபிடிக்கும் கூலியைத் தனியாகச் சொல்லுங்கள், தருகிறேன். லோடோடு வண்டியைக் கொண்டுவருகிறோம். உங்கள் ஆள் ஸ்கேனரோடு கூட வந்து, ஏற்றத்தில் கேட்கும் அழுத்தம், இருக்கும் அழுத்தம் இரண்டையும் பதிவு செய்து எனக்கு அனுப்ப வேண்டும். டேங்கிலிருந்து பம்ப் வரை சோதித்த பிறகும் பம்ப்தான் என்றால், மாற்றியபின் இதே கோளாறு வந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதித் தாருங்கள். கழற்றிய பொருள் எனக்கு வேண்டும்."

நம் ஆட்களுக்குப் பொருளுக்குக் காசு கொடுக்க மனசு வரும், கண்டுபிடிப்பதற்குக் கொடுக்க வராது. "சும்மா பார்த்ததற்கு இவ்வளவா?" என்போம். அதனால்தான் பட்டறைகளும் பார்க்காமலேயே பொருளை மாற்றுகின்றன. இரண்டு மூன்று மணி நேரக் கூலியை மனசார முதலில் கொடுத்திருந்தால், 2,300 போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

அவர் மறுத்தால் வேறு இடம் போங்கள். டீசல் பம்ப், இன்ஜெக்டர் மட்டுமே பார்க்கும் கடைகள் இங்கே இருக்கின்றன, சோதனை மேடையில் மாட்டி அளந்து காகிதத்தில் தருவார்கள். புதிய ஆளிடம் நடந்ததையும் மாற்றியதையும் மட்டும் சொல்லுங்கள். "பம்ப் என்கிறார்கள்" என்று நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். ஜொகூர் வேண்டாம் என்பேன். கூலி மலிவுதான், ஆனால் விட்டு விட்டு வரும் கோளாறுக்கு நாலு முறை அலைய வேண்டியிருக்கும். தகராறு வந்தால் இங்கிருந்து கேட்பதும் சுலபமில்லை.

காசு விஷயம். நான் வக்கீல் இல்லை, பட்டறை வாழ்க்கையில் பார்த்ததைச் சொல்கிறேன். பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம் என்று பலர் சொல்வார்கள். உங்கள் லாரி முழுக்க வியாபாரத்துக்கு ஓடுவது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் முழுக்க முழுக்க வியாபாரத்துக்காக வாங்கும் சேவையைப் பயனீட்டாளர் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே போய் ஏமாற வேண்டாம். ஸ்மால் கிளைம்ஸ் என்கிறோமே, அந்தச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கு அந்தத் தடை இல்லை. 20,000 வெள்ளி வரை கேட்கலாம், நடந்து 2 வருடத்துக்குள் பதிய வேண்டும், இணையத்திலேயே பதியலாம், இரு தரப்பிலும் வக்கீல் கிடையாது.

அங்கே போகும் முன் ரசீதுகளை எடுத்து, வேலை என்று என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "இன்ஜெக்டர் இரண்டு, மாற்றிய கூலி" என்று மட்டும் இருந்தால் அவர் சொன்ன வேலையைச் செய்துவிட்டார் என்று வாதாடுவார். "இழுவைக் குறைவைச் சரிசெய்தல்" என்று இருந்தால், அல்லது "இதை மாற்றினால் சரியாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால், உங்கள் கை ஓங்கும். கூடவே வேறொரு பட்டறை அளந்து எழுதிக் கொடுத்த காகிதம் வேண்டும். ஃபில்டர் காசையும் இஜிஆர் காசையும் மறந்துவிடுங்கள், 14 வருட வண்டிக்கு அவை எப்படியும் வர வேண்டிய செலவு. வாதாட வேண்டியது இன்ஜெக்டருக்கும் வால்வுக்கும்தான். கோளாறு டேங்கில் என்று தெரிந்தால், முழுக் காசும் வராவிட்டாலும் கூலியையாவது அடுத்த வேலையில் கழிக்கச் சொல்லலாம். பழகிய முதலாளி என்றால் பெரும்பாலும் அந்த இடத்தில் பேச்சு முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் சொல்லிச் செய்த வேலைக்குக் காசு வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்கப் பட்டறைக்கு உரிமை உண்டு. வண்டி அவரிடம் இருக்கும்போது "கட்ட மாட்டேன்" என்று சண்டை போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான், வெங்காயம் காத்திருக்காது. பில்லை ஏற்கவில்லை என்று ரசீதிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதிவிட்டு, கட்டி, வண்டியை வெளியே எடுங்கள். பிறகு கேளுங்கள்.

தலைமுழுகுவது பற்றி. சரக்கு வண்டிக்கு ஆயுள் 20 வருடம், ஆக உங்கள் வண்டிக்கு 2031 கடைசி. அதற்கு முன் பதிவை நீக்கினால், 2021-ல் கட்டிய சிஓஇ பணத்தில் மிச்சமிருக்கும் காலத்துக்கு உரிய பங்கு திரும்பி வரும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் இன்றைய தேதிக்கு எவ்வளவு என்று காட்டும். அந்தத் தொகையையும், புதிய லாரிக்கு இப்போதைய சி பிரிவு (சரக்கு வண்டிகளுக்கான பிரிவு) சிஓஇ விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். என்ஜின் ஆயில் குடிக்கவில்லை, கம்ப்ரெஷன் நன்றாக இருக்கிறது என்றால், அளந்து நிரூபித்த பிறகு 3,500 வெள்ளி பம்ப்கூட இந்த வண்டிக்கு நியாயமான செலவுதான். அளக்காமல் 35 வெள்ளிகூட வேண்டாம்.

டேங்கை இறக்கும் நாளில் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். அடியில் கிடக்கும் டீசலைக் கீழே கொட்டவிடாமல் ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டச் சொல்லுங்கள். துணியில் தங்குவதைப் படம் எடுத்து, எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.